இறங்குகிற மந்திரம்

ஆடி 12, ஞாயிறு ராத்திரி

எனக்கு எழுதத் தெரியாது. நான் பேசினால் இந்தப் போன் எழுதிக்கொள்கிறது.

பக்கவாதம் வந்ததிலிருந்து என் பெஞ்சாதி அஞ்சலை பேசுவதில்லை. அந்தக் காலத்தில் அவள் விழுந்து விழுந்து சிரித்த பறக்கிற வீரன் படத்தைப் புதுசாக எடுத்திருக்கிறார்களாம். மகனும் நானும் அவளை ஆட்டோவில் டவுன் தியேட்டருக்குக் கூட்டிப்போனோம்.

குறை சொல்லக்கூடாது, பறக்கிறது நிஜமாகவே இருந்தது. பழசில் கயிறு தெரியும். ஆனால் பழசில் அவன் மந்திரம் சொல்லிப் பறந்துபோய்ப் பனைமர உச்சியில் மாட்டிக்கொண்டு, "இன்னாபா, எறங்கற மந்திரத்த சொல்லித்தரலியே!" என்று அலறுவான். நான் தென்னை ஏறும்போதெல்லாம் அஞ்சலை கீழே நின்று அதைக் கத்துவாள்.

அந்த இடம் வந்ததும் அவள் உதடு அசைந்தது. புதியவன் இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு அழகாக இறங்கிவிட்டான். சனம் கைதட்டியது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"படம் சூப்பர்ல, நைனா?" என்றான் மகன்.

"நல்லா பறக்கறான்டா."

வூட்டுக்கு வந்து அவள் காதோரம் நானே அதைச் சொன்னேன். சுவரைப் பார்த்தாள். இன்னொரு முறை சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டாள்.

இனிமேல் எதைச் சொல்லி அவளைக் கூப்பிடுவது, தெரியவில்லை.