பிந்தி விழும் பூட்ஸ்

மார்ச் 4

பழைய டிஸ்கோ பாட்டுகளைக் கோத்து, நடுவில் ஒரு காதலைத் தைத்து மேடை நாடகமாக்கியிருக்கிறார்கள். கதை அறுந்தாலும் பாட்டு வந்து காப்பாற்றிவிடும். என்னை யார் காப்பாற்றுவார்? நான் டான்ஸ் கேப்டன். வரிசையில் ஆடும் பன்னிரண்டு பேரும் ஒரே ஆள் மாதிரி தெரியாவிட்டால் திட்டு எனக்குத்தான்.

இன்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். இடைவேளைக்கு முந்தின பாட்டில் எல்லோரும் ஒரு சுற்று சுழன்று பூட்ஸால் தரையை அடிக்க வேண்டும். 'டம்' என்று ஒரே சத்தம் வர வேண்டிய இடத்தில் 'டடம்' என்று வந்தது. இருட்டு அரங்கத்திலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாத எங்கள் டைரக்டர் (நாங்கள் வைத்த பெயர் வெல்டர்) சொன்னார்: "யாரோ ஒருத்தர் லேட். யாருன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க. ஆளை மாத்திடலாம்."

யாரென்று எனக்குத் தெரியும். இடது ஓரத்திலிருந்து மூன்றாவது. என் அக்கா.

மார்ச் 5

அக்காவுக்கு நாற்பத்தாறு. கல்யாணத்தோடு நின்றுபோன ஆட்டம். மகள் படிக்க வெளியூர் போனதும், ஆள் எடுக்கிற இடத்தில் தானாகப் போய் நின்றாள், தேறினாள். நான் ஒரு வார்த்தை சிபாரிசு செய்யவில்லை. மேடைக்குக் கொடுத்த வெள்ளி பூட்ஸை வீட்டுக்குக் கொண்டுவந்து, அதை மாட்டிக்கொண்டே பாத்திரம் தேய்க்கிறாள். கேட்டால், "பழக வேண்டாமாடி?"

வலது முட்டி அவளுக்குச் சட்டென்று வளையாது. அதான் பிந்துகிறாள். இதைப் போய் இவளிடம் எந்த வாயால் சொல்வேன்?

மார்ச் 6

செய்துவிட்டேன்.

அக்கா உடைக்கு அளவு கொடுக்கப் போன நேரத்தில் மற்ற பதினொரு பேரையும் கூப்பிட்டேன். "சுத்தி முடிச்சு ஒரு மூச்சு விட்டு அடிங்க. கொஞ்சம் சோம்பலா. அந்தக் காலத்து ஸ்டைலே அதான்." கூசாமல் சொன்னேன். சின்னப் பெண்கள், நம்பிவிட்டார்கள்.

சாயங்காலம் ஒரே 'டம்'. வெல்டர் கை தட்டினார். "யாரு அந்த லேட்டு?"

"பேசிட்டேன் சார். சரியாயிடுச்சு."

மார்ச் 9

சரியாகத் தூங்கவில்லை.

மார்ச் 11

பேண்ட் வந்து சேர்ந்தது. ஒத்திகை முடிந்ததும் டிரம்ஸ்காரர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "ஏம்மா, நான் ஓடறேனா, இல்ல நீங்க நடக்கறீங்களா? என் அடி விழுந்தப்புறம்ல உங்க பூட்ஸ் விழுது."

ஸ்டைல் என்றேன். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

மார்ச் 13

மாடியில் அக்கா வீட்டிலிருந்து டொக், டொக் என்று சத்தம். என்ன பண்றே என்று கத்தினேன். "பூட்ஸ் பழகறேன்டி!" இன்னுமா?

மார்ச் 15

உடையோடு முழு ஒத்திகை. மறுபடியும் 'டடம்'. இந்தத் தடவை ஒரே ஒரு பூட்ஸ் முதலில் விழுந்தது, மற்றதெல்லாம் பின்னால்.

"அந்த மூணாவது ஆள்! என்ன அவசரம் உங்களுக்கு?" வெல்டர் எழுந்தே நின்றுவிட்டார்.

"சார், நான் டிரம்ஸைக் கேட்டுத்தான் சார் அடிச்சேன்."

"பதினோரு பேர் தப்பு, நீங்க ஒருத்தர் மட்டும் சரியா? நாளைக்கு வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

டிரம்ஸ்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அக்காவை இல்லை, என்னை. நான் குனிந்து நோட்டைப் புரட்டினேன்.

பஸ்ஸில் அக்கா சொன்னாள்: "லேட்டா வர்றேன்னு எனக்கே தெரியும்டி. நீ சொல்வேன்னு பார்த்தேன், சொல்லல. சரி, நாமளே பார்த்துக்குவோம்னு முட்டியை முன்னாடியே வளைச்சு வளைச்சுப் பழகினேன். இப்ப சீக்கிரம்ங்கறாரு. எனக்குத் தாளமே போயிடுச்சு போலருக்கு."

அடிப் பாவி, என்ன பண்ணி வச்சிருக்கேன்! அவ ஒருத்திதான் சரி. அந்த மேடையிலேயே அவ ஒருத்திதான் சரி. அதைக்கூட அவகிட்ட சொல்ல முடியாம ஜன்னலைப் பார்த்துக்கிட்டு வந்தேன்.

மார்ச் 16

எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். வெல்டர் முதல்முறையாகக் கண்ணாடியைக் கழற்றினார். அக்காவைத் தனியாக ஆடச் சொன்னார். டிரம்ஸும் பூட்ஸும் சேர்ந்து விழுந்தன. "எல்லாரும் இப்படியே அடிங்க" என்றார். என் பக்கம் திரும்பி, "நாளையோட உங்க வேலை முடிஞ்சுது" என்றார்.

அக்கா உடை மாற்றும் அறையில் என்னைப் பிடித்தாள். "லேட்டுன்னு மூஞ்சிக்கு நேரா திட்டியிருக்கலாமேடி. போயும் போயும் என்னைப் பாவம் பார்த்திருக்கே."

மார்ச் 17

முதல் காட்சி. கூட்டம் எழுந்து ஆடியது. அக்கா பேசவில்லை.

மார்ச் 24

பேசவில்லை. படியில் எதிரே வந்தாலும் ஒதுங்கிப் போகிறாள்.

ஏப்ரல் 2

வரிசையில் ஒரு பெண்ணுக்குக் கணுக்கால் சுளுக்கு. அத்தனை அடவும் தெரிந்த ஆள் அவசரமாக வேண்டுமாம், கூப்பிட்டார்கள். மானம் பார்க்காமல் ஓடினேன். புது கேப்டன்தான் என்னைக் கூப்பிடச் சொன்னாளாம்.

மாலை ஒத்திகையில் சுழன்று, அடித்தேன். பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு, எல்லோர் முன்னாலும் கேப்டன் என்னைப் பார்த்துக் கை நீட்டினாள். "வலது ஓரம். நீ லேட்."

பதினாறாம் தேதிக்குப் பிறகு அக்கா என்னிடம் பேசிய முதல் வார்த்தை.