வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம்

அன்பு மகளுக்கு, அப்பா சொந்தக் கையால் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் வாண்டும் சுகமா? இங்கே முக்கால்வாசி சுகம். மீதிக் கால்வாசியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். யாரோ எழுதிக்கொடுத்தது என்று நினைத்துவிடாதே, முதியோர் மாலை வகுப்பில் முதன்முதலாக முழு வாக்கியம் எழுதிய அன்று கடைத்தெருவுக்கே மிட்டாய் கொடுத்தவன் நான். சாவிக்குப் பல் வெட்டுவது போல ஒவ்வோர் எழுத்தையும் அராவி அராவி எழுதுகிறேன், பூட்டு திறக்கிறதா என்று நீதான் சொல்ல வேண்டும்.

அம்மாவோடு போனில் பேச உனக்கு மணிக்கணக்கில் நேரம் இருக்கிறது, என் பங்குக்குக் கடைசியில் “அப்பா சாப்பிட்டாரா” என்று ஒரே கேள்வி, அதற்கும் அவளே பதில் சொல்லிவிடுவாள். வயிறு எரிகிறது, மறைப்பானேன். ஆனால் அவ்வளவு பேசுகிறவள் முக்கியமான ஒன்றை உன்னிடம் சொல்லவில்லை. பக்கத்துத் தையல்காரருக்கு ஆபரேஷன் என்று உன் அண்ணன் ரத்தம் கொடுக்கப் போனான், கல்லீரலைக் கெடுக்கும் கிருமி இருக்கிறது, மஞ்சள் காமாலையில் பி வகை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் எல்லோரையும் சோதித்தால் அம்மாவுக்கும் இருக்கிறது. கண் மஞ்சளாகவில்லை, ஒருநாள்கூடப் படுக்கவில்லை, வருடக்கணக்கில் ஓசைப்படாமல் குடியிருந்திருக்கிறது. பிரசவத்தில் அவளிடமிருந்து அண்ணனுக்குப் போயிருக்கும் என்கிறார் டாக்டர். எனக்கும் எப்போதோ வந்து தானாகவே போய்விட்டதாம், அடையாளம் மட்டும் இருக்கிறதாம். “கிருமிகூட உங்ககிட்ட குப்பை கொட்ட முடியாம ஓடிருச்சுப்பா” என்கிறான் உன் அண்ணன். இப்போது தாயும் பிள்ளையும் ஜோடி போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், “நம்ம டாக்டர்”, “நம்ம மாத்திரை” என்று பேசிச் சிரித்துக்கொண்டு வருகிறார்கள், நான் சாவிக்கடையில் அரத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். நோயிலும் பிள்ளைக்குத்தான் பங்கு, கட்டிக்கொண்டவனுக்கு வெறும் அடையாளம்.

அம்மா முதலில் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்துக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ் இதைக் கேட்டுவிட்டுத் திட்டினாள். “சேர்ந்து சாப்பிட்டா வராதும்மா, கட்டிப்பிடிச்சாலும் வராது. ரத்தம் படுற சாமான்தான் ஆகாது. பிளேடு, நகவெட்டி, பல் பிரஷ் எல்லாம் ஆளுக்கொண்ணு வச்சுக்குங்க.” பின்வாசல் ஆணியில் நூல் கட்டித் தொங்குமே, வீட்டுக்கே ஒரே நகவெட்டி, நீயும் அதில்தானே வெட்டினாய், அதைத் தூக்கி எறிந்தாயிற்று. புதிது வாங்கி ஒவ்வொன்றிலும் இது யாருடையது என்று காகிதம் ஒட்டியது நான்தான்.

அதே நர்ஸ் வேறு பிள்ளைகள் உண்டா என்று கேட்டாள். மகள் தூரத்தில் மாசமாக இருக்கிறாள் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். உனக்கும் பிறக்கும்போதே வந்திருக்கலாமாம். உடனே ரத்தம் பார்க்க வேண்டும், இருந்தால் குழந்தை பிறந்த அன்றே ஊசிகள் போட்டுவிட வேண்டும், போட்டால் அநேகமாகத் தப்பித்துவிடும், தள்ளிப்போட்டால் பலன் குறைந்துவிடும் என்றாள். அம்மா பஸ்ஸில் வழி முழுக்க அழுதாள். “மாசமா இருக்கிற பொண்ணை எதுக்குப் பயமுறுத்தணும், பிரசவம் ஆகட்டும், நானே பக்குவமா சொல்லிக்கிறேன். நீங்க வாயைத் திறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க” என்றாள். பண்ணினேன். பிரசவம் ஆன பிறகு சொல்லி என்ன பயன் என்று பயத்தில் அவளுக்குத் தோன்றவில்லை, சொன்னாலும் காதில் ஏறவில்லை. இப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. கடிதம் எழுத மாட்டேன் என்று சத்தியம் கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை, எனக்கு எழுத வரும் என்று அவள் இன்னும் நம்பவில்லை.

கண்ணு, இதை உன் டாக்டரிடம் காட்டு. முன்பே சோதனை எடுத்திருந்தால் என்ன வந்தது என்று வாய்விட்டுக் கேள், இல்லையென்றால் நாளையே எடு, மாப்பிள்ளையையும் கூட்டிப் போ. இருக்கிறது என்று வந்தாலும் கலங்காதே, ஊசி போட்டுவிட்டால் பிள்ளைக்குப் பால் கொடுக்கலாம், ஆசைதீரக் கொஞ்சலாம், அம்மாவும் அண்ணனும் மாத்திரையோடு நன்றாகத்தான் இருக்கிறார்கள். தாயும் சேயுமாக நூறாண்டு வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, முடிவு தெரிந்ததும் போன் பண்ணு, அம்மா எடுத்தால் “அப்பாகிட்ட குடு” என்று சொல். அவளுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். இந்த ஒரு சேதியாவது முதலில் என் காதில் விழட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
(கைநாட்டு இல்லை, கையெழுத்து)