தள்ளிப்போட்ட நாள்கள்

எடப்பாடி,
ஆனி 10.

அன்பு மகள் அகல்யாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். வழக்கம்போல் நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கப் பார்த்தேன், கை வரவில்லை. போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள். அதனால் தறிப்பட்டறையில் உட்கார்ந்து இதை எழுதி, உன் ஊருக்குப் படிக்க வருகிற குமரனிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

ஆறு தறியில் இரண்டு நிற்கிறது. மழையும் இல்லை. மாப்பிள்ளை தமிழரசு மாதம் ஒருமுறை வந்து, காப்பி குடித்துவிட்டு, "தறி ஓடுதுங்களா மாமா" என்று கேட்டுவிட்டுப் போகிறார். உன் அக்கா சௌந்தர்யாவின் பெயரை அவரும் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை.

சௌந்தர்யா நம்மை விட்டுப் போன அன்று, அவள் ஏதாவது மாத்திரை சாப்பிட்டாளா என்று நீ மூன்று முறை கேட்டாய். இல்லை என்றேன். அது பொய், சாமி.

போன வருஷம் என் நெஞ்சில் ரத்தக் குழாய் அடைத்து ஸ்டென்ட் வைத்தபோது, நான் பிழைத்தால் மாரியம்மனுக்குக் குண்டம் இறங்கித் தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டாள் அல்லவா? அந்த நாளில் அவளுக்கு வீட்டு விலக்கு வந்துவிடும் என்று அம்மா கணக்குப் பார்த்தாள். நாளைத் தள்ளிப்போடுகிற மாத்திரையின் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி என்னிடம் கொடுத்தாள். நான் மருந்துக் கடையில் சீட்டை நீட்டிவிட்டு, வெட்கப்பட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைக்காரர் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். யாருக்கு என்று அவரும் கேட்கவில்லை. கோயில் நோன்பு வந்தால் நம் தெருவில் பாதி வீட்டில் போடுகிற மாத்திரைதானே, யாருக்கு என்ன ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

பூசாரி வீட்டில் சாவு விழுந்து நோன்பு எட்டு நாள் தள்ளிப்போயிற்று. நடுவில் நிறுத்தினால் சரியாகக் குண்டத்தன்று வந்துவிடும் என்று பயந்து அவள் தொடர்ந்து போட்டாள். இரண்டாம் முறையும் நான்தான் வாங்கி வந்தேன். மொத்தம் இருபது நாள்.

விரதத்தோடு, அந்தப் பங்குனி வெயிலில் தண்ணீர்கூடக் குடிக்காமல் குண்டம் இறங்கினாள். மறுநாள் இடது கெண்டைக்கால் வீங்கியிருந்தது. "காலு கல்லாட்ட இருக்குதுங்கப்பா" என்றாள். நெருப்பில் நடந்த கால், இரண்டு நாளைக்கு வலிக்கத்தான் செய்யும் என்று சொன்னவன் நான். அம்மா விளக்கெண்ணெய் போட்டு நீவிவிட்டாள். நீவியதைப் பற்றி அவளிடம் ஒருநாளும் கேட்காதே. நான்காம் நாள் காலையில் மூச்சு வாங்குகிறது என்று சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்தாள்.

காலில் கட்டியாய் உறைந்த ரத்தம் நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விட்டது என்றார் சேலத்து டாக்டர். மாத்திரை ஏதாவது சாப்பிட்டாரா என்று அவரும் கேட்டார். மாப்பிள்ளை, சம்பந்தி எல்லோரும் சுற்றி நின்றார்கள். அந்தப் பேச்சை எடுக்க எனக்கு நாக்குக் கூசியது. இல்லைங்க என்றேன். எல்லாம் முடிந்த பிறகுதான் தனியாகப் போய்ச் சொன்னேன். மாத்திரை மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ரத்தம் சீக்கிரம் கட்டுகிற தன்மை உங்கள் குடும்பத்திலேயே இருக்கலாம், இன்னொரு பெண் இருந்தால் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள் என்றார். அதையும் மூன்று மாதமாக உன்னிடம் மறைத்துவிட்டேன். என் கோழைத்தனத்துக்கு வேறு பெயர் இல்லை.

தீபாவளிக்கு வீடியோவில் உன் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னாயே. நோய் நொடி இல்லாத பெண்களின் கையில் பட்டை கட்டி ஐந்து நிமிடம் இறுக்கி, அவிழ்த்ததும் ரத்தக் குழாய் எவ்வளவு விரிகிறது என்று படம் பிடித்து அளப்பதாகச் சொன்னாய். ஒரே பெண்ணுக்கு அந்த நாள்களில் ஒரு மாதிரி, மாத நடுவில் ஒரு மாதிரி விரியும், ஒரு மாத்திரை அதையெல்லாம் மாற்றிவிடும், குழாயும் ரத்தமும் பெண் உடம்பில் சுரக்கிற ஹார்மோனுக்குக் கட்டுப்பட்டவை என்றாய். நான் தறியைப் பார்ப்பதுபோல் எழுந்து போய்விட்டேன். சௌந்தர்யாதான் உட்கார்ந்து கேட்டாள். நானும் கேட்டிருந்தால் அந்தக் கடையில் ஒரு கேள்வியாவது கேட்டிருப்பேன்.

நேற்று அம்மா மறுபடியும் ஒரு சீட்டு கொடுத்தாள். உன் கல்யாணத்துக்குக் குறித்த ஆவணி முகூர்த்தம் உன் விலக்கு நாளோடு மோதுகிறதாம். சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்புவதற்குள் நல்ல காரியம் நடந்தாக வேண்டுமாம். "முன்னாடியே மாத்திரை போட்டுக்கச் சொல்லுங்க" என்று உன் மாமியாராக வரப்போகிற ராமாயி அம்மாள் சொல்லியனுப்பியிருக்கிறார். அக்கா போனது விரதத்தில் ஏதோ குறை என்றுதான் அம்மா இன்னும் நம்புகிறாள். சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கடை பூட்டியிருந்தது என்றேன். எத்தனை நாளைக்குத்தான் பூட்டியிருக்கும்?

உனக்குத் தெரியாததை நான் சொல்லவில்லை. அக்காவும் படித்தவள்தான். அம்மா முகத்தைப் பார்த்து வாயில் போட்டுக்கொண்டாள். நீயும் அப்படிச் செய்துவிடுவாயோ என்றுதான் எனக்குப் பயம். அந்த ரத்தப் பரிசோதனையை இந்த வாரமே செய்துவிடு. முகூர்த்தத்தன்று மாதவிடாய் வந்தால் வரட்டும். அப்படியே மணவறையில் உட்கார், நான் பக்கத்தில் நிற்கிறேன். யாராவது கேட்டால் அப்பா சொன்னார் என்று சொல். அம்மாவிடம் நானே பேசுகிறேன்.

கல்யாணப் பெண்ணைத் தீர்க்க சுமங்கலியாக இரு என்று வாழ்த்துவார்கள். எனக்கு அதை எழுத வரவில்லை. நீ உயிரோடு இரு, சாமி. எனக்கு அது போதும்.

இப்படிக்கு,
உன் அப்பா
நாச்சிமுத்து