ஏழாம் நம்பரில் இருந்த பெட்டி

மார்ச் 4, 2024, திங்கள்

ஒருவழியாக அறிக்கை முடிந்தது. கடற்படையின் இரண்டு கிழட்டு ஹெலிகாப்டர்கள், நாலாம் நம்பரும் ஏழாம் நம்பரும். இரண்டிலும் ரேடார், சோனார், ஆல்டிமீட்டர் எல்லாம் இன்னும் எவ்வளவு உழைக்கின்றன என்று மூன்று மாதமாக ஒப்பிட்டேன். தண்ணீரிலிருந்து எத்தனை அடி உயரம் என்று சொல்லும் ஆல்டிமீட்டர் நாலில் மோசம். அதன் பெட்டி சூடானால் நாற்பது அடி கூட்டிச் சொல்கிறது. ஏழில் ஒழுங்கு. ஆகவே ஏழு கடலுக்குப் போகலாம், நாலு தரையிலேயே நிற்கட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டில் இவர், "ஹெலிகாப்டருக்கெல்லாம் மார்க் போடறே, எனக்கு எத்தனை?" என்றார். ஜஸ்ட் பாஸ் என்றேன்.

மார்ச் 6, புதன்

அறிக்கையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். கொஞ்சம் கர்வம்தான். இருக்கட்டுமே.

மார்ச் 7, வியாழன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலை பதினொரு மணி டீ. சீத்தா கேம்ப் தமிழர் குடியிருப்பிலிருந்து வரும் மெஹராஜ், எங்கள் ஒர்க்‌ஷாப் ஃபிட்டர், பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "ஏழுல ரீடிங் வரலைன்னு பிப்ரவரியில நாலோட பெட்டிய மாட்டிப் பாத்தோம்லா மேடம், கடைசில பாத்தா வயருதான் லூசு."

"திருப்பி மாத்தினேளா?"

டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "இல்ல மேடம். பேப்பர்லயும் ஏத்தல."

கோளாறு பெட்டியிலா, மெஷினிலா என்று பார்க்கப் பக்கத்து ஹெலிகாப்டரின் பெட்டியை மாட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். நானே நூறு தடவை செய்திருக்கிறேன். அப்படியிருந்தும் பெட்டியின் நம்பரை எழுதாமல், ஜனவரியில் சோதித்தபோது எந்த ஹெலிகாப்டரில் இருந்ததோ அதன் நம்பரை எழுதி வைத்தேனே — முப்பது வருஷ சர்வீஸ் என்னத்துக்கு?

ஏழு அப்போது கடல் மேலே. நீர்மூழ்கியைத் தேடும் சோனாரைத் தண்ணீரில் விட ஐம்பது அடிக்கு இறங்கும். பொய் சொல்கிற பெட்டியோடு; அது ஐம்பது என்றால் நிஜத்தில் பத்து. உள்ளே மூன்று பேர்.

ட்யூட்டி ஆபீசருக்கு ஃபோன் போட்டேன். என் அறிக்கை தப்பு, ஏழைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்றேன். நிச்சயமா என்று கேட்டார். பக்கா என்றேன்.

இருபத்தைந்து நிமிஷம். எந்த ஸ்லோகமும் வாயில் வரவில்லை. அப்புறம் இறக்கைச் சத்தம். மூன்று பேரும் இறங்கி, ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டு நடந்து போனார்கள். மெஹராஜ் அழுதுவிட்டார். நானும்தான். அப்பாடா, அப்பாடா என்பதைத் தவிர ஒன்றும் தோன்றவில்லை.

மார்ச் 11, திங்கள்

ஏழிலிருந்து கழற்றியதைச் சோதித்தோம். சூடானதும் நாற்பத்திரண்டு அடி கூடுதல்.

மார்ச் 15, வெள்ளி

எனக்கும் மெஹராஜுக்கும் மெமோ. நியாயம்தான். நேற்று நன்றாகத் தூங்கினேன், இன்றும் தூங்குவேன்.

மார்ச் 19, செவ்வாய்

அன்றைக்கு ஏழை ஓட்டிய பைலட் பெண் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாள். இருபத்தெட்டு வயது இருக்கும். அந்தப் பெட்டியைப் பார்க்கவேண்டும் என்றாள். எடுத்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"நீங்கள் கூப்பிட்டபோது மீட்டர் எழுபது அடி காட்டியது மேடம்," என்றாள் ஹிந்தியில். "இன்னும் இறங்கிக்கொண்டிருந்தோம்."

நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னேன். மெஹராஜ் நோன்பு. ஆனாலும் அவரே கேன்டீனுக்குப் போய் அவளுக்கு டீ வாங்கி வந்தார்.