தண்ணீர் நிற்காத இடம்

பாலகாட்,
கோலார் தங்க வயல்.
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகள் அன்புச்செல்விக்கு அம்மா ரத்தினம் எழுதிக்கொள்வது. பகவன் புத்தர் நிழலில் நானும் உன் மகள் தென்றலும் சோறு தண்ணீருக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், என் வலது முட்டி ஒன்றுதான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அந்த அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளை சித்தார்த்தனும் எப்படி இருக்கிறீர்கள், ஆஸ்பத்திரியில் உனக்கு நைட் ஷிப்டைக் குறைத்தார்களா, அதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்கு ஒரு வாய் இறங்குவதில்லை. வியாழக்கிழமை நீ போனில் கத்தினாய். தென்றல் பள்ளிக்கூடத்து தாமோதரன் சார் உனக்கு மெசேஜ் போட்டாராம், உங்கள் அம்மா வெளிநாட்டுப் பிள்ளைகள் பார்க்கும்போது குழிக்குள் போய் உட்கார்ந்து எங்கள் மானத்தை வாங்கிவிட்டார் என்று. நான் வாய் திறப்பதற்குள் நீ வைத்துவிட்டாய். அவர் அதை எழுதியது நான் குழியில் உட்கார்ந்திருந்த நேரத்தில். அதற்குப் பிறகு நடந்ததை அவர் உனக்கு எழுதவில்லை பார், அதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். தென்றலும் சொல்லியிருக்க மாட்டாள். அவளைப் போலந்துக்கு அனுப்பச் சம்மதம் என்று ஒரு காகிதம் உனக்கு வந்திருக்கிறதே, சொன்னால் அதில் நீ கையெழுத்துப் போட மாட்டாய் என்று அவளுக்குப் பயம். மாதக் கடைசி வரைக்கும் நேரம் இருக்கிறதாம். போடுவதற்கு முன்னால் இதை முழுசாகப் படி. அவளுக்குத் தெரியாமல்தான் தபாலில் போடுகிறேன்.

போலந்தில் இவள் போகப்போகிற ஊரும் நம் ஊரைப் போலச் சுரங்கத்தை மூடிவிட்ட ஊராம், நமக்குத் தங்கம் அவர்களுக்கு நிலக்கரி. அந்தப் பள்ளிக்கூடமும் நம் பள்ளிக்கூடமும் சேர்ந்து தண்ணீரைச் சேமிக்கும் திட்டம் போட்டார்கள். மாதத்துக்கு இரண்டு தரம் திரையில் பார்த்துப் பேசுவார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் செலவு என்று இரண்டு பக்கமும் எழுதினார்கள், நம் வீட்டுக்குப் பதினோரு குடம் என்று தென்றல் சொல்ல, அங்கே ஒரு பெண் குடம் என்றால் என்ன என்று கேட்டாளாம், மறுதரம் இவள் நம் பச்சைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்த் திரைக்கு முன்னால் நின்றாள். கடைசி வேலையாக இரண்டு பள்ளிக்கூடமும் மழைத்தண்ணீரைப் பூமிக்குள் இறக்க ஆளுக்கு ஒரு குழி வெட்டி, ஒரே நாள் ஒரே நேரத்தில் முதல் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று பேச்சு. இங்கே தென்றல்தான் லீடர். ஜூன் மாதம் நான்கு பிள்ளைகள் அங்கே போவதில் அவள் பெயர் முதல் பெயர். அதில் எனக்குப் பெருமை இல்லை என்று நினைக்காதே, ரொட்டிக்கடைக்காரன் வரைக்கும் சொல்லிவிட்டேன்.

குழிக்கு இடம் பார்த்த விதத்தில்தான் தப்பு நடந்தது. தாமோதரன் சார் மைதானத்தில் ஐந்து இடத்தில் சின்னச் சின்னப் பள்ளம் போட்டு, ஒவ்வொன்றிலும் இருபது குடம் ஊற்றி, எது சீக்கிரம் உறிஞ்சுகிறது என்று கடிகாரம் பார்த்தார். நான்கு இடத்தில் தண்ணீர் சாயங்காலம் வரைக்கும் நின்றது, நம் ஊர் மண்தான் தெரியுமே. ஐந்தாவது இடம் மதில் மூலை. அங்கே இருபதாவது குடத்தைக் கவிழ்ப்பதற்குள் முதல் பத்தொன்பதும் போன இடம் தெரியவில்லை. இதைப் போல உறிஞ்சுகிற மண்ணை நான் பார்த்ததே இல்லை என்று சார் கை தட்டினாராம். தென்றல் குதித்துக்கொண்டு வந்து இதைச் சொல்லும்போது நான் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். அவள் தலைமுடியில் ஒரு வாடை வந்தது. உன் அப்பா ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வரும்போது சட்டையில் ஒரு வாடை இருக்குமே, ஊறிப்போன மரமும் கல்லும் வெடிமருந்தும் கலந்து, நீகூட மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவாய். அதே வாடை. உன் அப்பா போய் ஆறு வருஷம், சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேல். சீயக்காய் போட்டு இரண்டு தரம் அலசினேன், போகவில்லை.

மறுநாள் டிபன் கொடுக்கிற சாக்கில் போய்ப் பார்த்தேன். இடுப்பளவுக்கு வெட்டி, இறங்க நாலு படியும் விட்டிருந்தார்கள். காற்று துளிகூட இல்லை, வேப்பிலை ஆடவில்லை. ஆனால் என் முந்தானை குழியின் பக்கமாகவே போய்க்கொண்டிருந்தது. டிபனைச் சுற்றியிருந்த காகிதத்தைக் கிழித்துப் போட்டேன், அது புரளவில்லை, நேராக நடுவில் போய் மண்ணில் ஒட்டிக்கொண்டு விறைத்து நின்றது. கீழே இருந்து யாரோ மூச்சை உள்ளே இழுத்த மாதிரி. அது எந்த இடம் என்று அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. பழைய லைன் வீடுகளை இடித்து மதில் எழுப்பியதில் அடையாளமே மாறிப்போயிருந்தது. சாரைக் கூப்பிட்டு, இது வெள்ளைக்காரன் காலத்தில் சுரங்கத்துக்குள் காற்று போவதற்காகத் தோண்டின ஓட்டை, மேலே கட்டை போட்டு மண் மூடியிருக்கிறது, பிள்ளைகளை இறக்காதீர்கள் என்று சொன்னேன். அவர் மேப்பைக் காட்டினார், அதில் அந்த மூலை வெறும் வெள்ளையாக இருந்தது. மேப் போட்டவன் வேறு, ஓட்டை போட்டவன் வேறு சார் என்றேன். சிரித்துவிட்டு, உங்களைத் தவிர யாருக்காவது இது தெரியுமா பாட்டி என்றார்.

தெரியும், ஒருத்திக்கு. ஐடாவுக்கு. நீ சின்ன வயசில் ஐடா வீட்டுப் பக்கம் போகக்கூடாது என்று உன்னை அடித்திருக்கிறேன், ஏன் என்று சொன்னதில்லை. நீ வயிற்றில் இருந்த வருஷம் குழாயில் நாலு நாளைக்கு ஒரு தரம்தான் தண்ணீர். அந்த ஓட்டைக்கு அடியில் தண்ணீர் இருக்கும் என்று அவள்தான் சொன்னாள். ஒன்பது வீட்டுக் கயிற்றை முடிச்சுப் போட்டு, குடியாத்தத்தில் என் அம்மா எனக்குக் கொடுத்த பித்தளைக் குடத்தைக் கட்டி இறக்கினோம். அவள் முன்னால், நான் பின்னால். ஒன்பது கயிறும் இறங்கியும் குடம் எதையும் தொடவில்லை. இழுத்துவிடலாம் என்று நான் சொன்ன அந்த நிமிஷம் அவள் கையை விட்டுவிட்டாள். கயிறும் போயிற்று குடமும் போயிற்று. கீழே விழுந்த சத்தம்கூட வரவில்லை. ஐடா தரையில் உட்கார்ந்து, யாரோ இழுத்தார்கள் என்றாள். அவளிடம் இருந்தது அலுமினியக் குடம், என்னுடையது பித்தளை, வயிற்றெரிச்சலில் விட்டுவிட்டுக் கதை கட்டுகிறாள் என்று நான் குழாயடியில் எல்லார் முன்னாலும் சொன்னேன். அவள் அப்பா டிம்பர்மேன், உள்ளே பாறை விழாமல் மரம் முட்டுக் கொடுக்கிறவர். அந்த வாரமே அவர் கட்டை போட்டு ஓட்டையை மூடினார். அதோடு நாங்கள் பேச்சை விட்டோம். நாற்பத்தொரு வருஷம் ஆயிற்று.

தென்றலுக்காக ஐடா வீட்டுக்குப் போனேன். அவள் மருமகள் ரெபேக்கா கதவைத் திறந்துவிட்டு அப்படியே நின்றாள். ஐடா முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை. “இன்னா ரத்தினம், குடம் கேக்க வந்தியா?” என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நின்றுபோயிற்று. அப்பா போட்ட கட்டைக்கு மேலேயா என்று இரண்டு தரம் கேட்டாள். பிறகு சொன்னாள், “வர்றேன். ஆனா அன்னிக்கு அது இழுத்துச்சுன்னு உன் வாயால சொல்லு.” நான் பார்க்காததைச் சொல்ல மாட்டேன் என்றேன். “அப்ப போ, போயி உன் பேத்திய எறக்கு” என்றாள். எழுந்து வந்துவிட்டேன் அன்பு. ஒரே ஒரு வார்த்தை, உன் பிள்ளை உயிருக்காகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது என் குணம், உனக்கும் அது கொஞ்சம் இருக்கிறது, அதனால் உன்னிடம் மறைக்கவில்லை.

வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வேப்பமரத்தடியில் மேசை போட்டுத் திரை வைத்திருந்தார்கள். அதில் அந்த ஊர்ப் பிள்ளைகள் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு, அவர்கள் குழியைச் சுற்றி வாளியோடு நின்றார்கள். இங்கே இருபது பிள்ளைகள் குடத்தோடு வரிசையில், தென்றல் முதலில். அவள் முதல் படியில் கால் வைக்கும் முன்னால் நான் இறங்கிப்போய் நடுவில் உட்கார்ந்துவிட்டேன். ஏப்ரல் மாத வெயிலில் அந்த மண் ஐஸ் மாதிரி இருந்தது. என் கீழே மண் மெல்ல அமுங்கி, மெல்ல ஏறியது, தூங்குகிறவன் வயிற்றின் மேல் உட்கார்ந்த மாதிரி. எழுந்திருக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றியது, ஆனால் எழுந்தால் அவள் இறங்குவாள். லைவ் போய்க்கொண்டிருக்கிறது பாட்டி என்று சார் கெஞ்சினார், ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா மிரட்டினார். தென்றல் அழுதாள், “எல்லாரும் பாக்கறாங்க பாட்டி, எனக்கு அசிங்கமா கீது” என்றாள். உனக்கு மெசேஜ் வந்தது அப்போதுதான்.

அந்த நேரத்தில் ஆட்டோ வந்தது. ரெபேக்காவைப் பிடித்துக்கொண்டு ஐடா இறங்கினாள். குழி ஓரத்தில் நின்று பார்த்துவிட்டு, “அறிவு கெட்டவளே, உன் எடை இன்னான்னு தெரியுமா, மேல வா” என்றாள். யார் சொல்லியும் கேட்காத நான் எழுந்து வந்துவிட்டேன். வாட்ச்மேன் பெருமாள் முன்னால் சுரங்கத்தில் இருந்தவர், அவரிடம் கடப்பாரையைக் கயிற்றில் கட்டி மேலே நின்றபடி நடுவில் போடச் சொன்னாள். முதல் தரம் குத்தி நின்றது. இரண்டாம் தரம் பழுத்த பப்பாளியில் கத்தி இறங்குகிற மாதிரி போய்விட்டது. கயிறு ஓட ஓட நானும் ஐடாவும் பெருமாளும் மூன்று பேரும் பிடித்தோம், இந்தத் தரம் நான் முன்னால். கயிறு முடிகிற இடத்தில் நின்றது, கடப்பாரை எதையும் தொடாமல் தொங்கியது. எடை இழுப்பது எனக்குத் தெரியும், கிணற்றில் எத்தனை ஆயிரம் தரம் இழுத்திருப்பேன். இது எடை இல்லை. இரண்டு தரம் சுண்டி இழுத்தது, நிறுத்தியது. கதவைத் தட்டிவிட்டுக் காத்திருக்கிற மாதிரி காத்திருந்தது. பிறகு மறுபடி இரண்டு தரம். நான் கையை விட்டேன், என் பின்னால் இரண்டு பேரும் விட்டார்கள். பிள்ளைகள் எல்லாம் வாயை மூடிக்கொண்டு சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள், வரவில்லை. அப்புறம் நான் உட்கார்ந்திருந்த மண், நாலு படி, எல்லாம் சத்தமே இல்லாமல் உள்ளே போயிற்று. அந்த வாடை வந்து எல்லார் மூக்கிலும் ஏறியது. நான் ஐடாவைத் திரும்பிப் பார்க்காமல், இழுத்துச்சு என்றேன். “நாப்பத்தொரு வருஷம் ஆச்சா உனக்கு அத்தச் சொல்ல” என்றாள். இரண்டாயிரத்து ஒன்றில் சுரங்கத்துத் தண்ணீரை இறைக்கிற பம்பை நிறுத்தியதிலிருந்து அடியில் தண்ணீர் ஒவ்வொரு லெவலாக ஏறிக்கொண்டிருக்கிறது, அது காற்றைத் தள்ளும் இழுக்கும், அதுதான் என்கிறார் பெருமாள். இருக்கட்டும். அப்படிச் சொன்னவர் அந்தப் பக்கம் போவதற்கு இப்போது பட்டப்பகலிலும் துணை தேடுகிறார்.

அன்பு, நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. இவ்வளவு நேரமும் திரையை யாரும் பார்க்கவில்லை. கூட்டத்தில் மேசை திரும்பிப்போய், அவர்களுக்கு நம் வேப்பமரம் மட்டும்தான் தெரிந்திருக்கிறது. நாம் ஊற்றத் தொடங்கிவிட்டோம் என்று நினைத்து அவர்களும் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் குழிக்குள்ளேயே நின்றுகொண்டு, வாளி வாளியாக. தென்றல்தான் முதலில் பார்த்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, “பாட்டி, அங்கயும் நிக்கல” என்றாள். நானும் பார்த்தேன். ஊற்றுகிற தண்ணீர் ஊற்றுகிற இடத்திலேயே காணாமல் போகிறது, அந்தப் பிள்ளைகள் கை தட்டுகிறார்கள். இவள் ஓடிப்போய் இங்கிலீஷில் வெளியே வாருங்கள் என்று கத்தினாள். அவர்கள் சிரித்துக்கொண்டே இவளுக்குக் கை ஆட்டினார்கள். அப்படியே படம் நின்றுவிட்டது. ஆட்டிய கையோடு, குழிக்குள்ளேயே.

மறுநாள் காலையில்தான் தகவல் வந்தது, எல்லாரும் நன்றாக இருக்கிறார்களாம். ஐந்து இடம் பார்த்ததில் அதுதான் நன்றாக உறிஞ்சுகிற இடம் என்று தேர்ந்தெடுத்தார்களாம், சந்தோஷமாம். உங்கள் ஊரில் பழையது தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா, கேளுங்கள் என்று தென்றல் எழுதினாள். சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் ஊரை விட்டே போய்விட்டார்கள், இப்போது இருப்பவர்கள் எல்லாம் புதுசாக வந்தவர்கள், மேப்பில் ஒன்றும் இல்லை என்று பதில். நம் சாரும் எழுதினார், ஆள் வைத்துப் பார்க்கிறோம் என்று அவர்கள் சார் எழுதினார், அவ்வளவுதான். ஜூன் மாதம் போகிற பிள்ளைகளை அந்தக் குழியோரம் நிற்க வைத்து மரம் நட்டுப் படம் எடுப்பதாக நிகழ்ச்சி நிரலில் அச்சடித்தே அனுப்பிவிட்டார்கள்.

நான் போக வேண்டாம் என்று சொன்னேன். உன் மகள் என்ன சொன்னாள் தெரியுமா. “அவங்களுக்குச் சொல்றதுக்கு அங்க யாருமில்ல பாட்டி, நான் போயி உக்காரப் போறேன்.” அசிங்கமாக இருக்கிறது என்று அழுத பிள்ளை. அவள் எடை முப்பத்தெட்டு கிலோ. கடப்பாரைக்குக் கட்டுகிற முடிச்சைப் பெருமாளிடம் கற்றுக்கொண்டு கட்டில் காலில் கட்டிக் கட்டி அவிழ்க்கிறாள். கையெழுத்துப் போடாவிட்டால் உன்னோடு நாற்பது வருஷம் பேச மாட்டாள், இந்த வீட்டு ரத்தம் அப்படி. போட்டால் இறங்குவாள். அதனால் நீ கையெழுத்தும் போடு, லீவும் போடு. அயர்லாந்திலிருந்து அந்த ஊர் பக்கம்தானாமே, மூன்று மணி நேரத்தில் போய்விடலாமாம். அவள் போய்ச் சேருவதற்கு முதல் நாளே நீ போய் அந்த இடத்தில் நில். அந்தச் சாரைக் கடப்பாரை போடச் சொல். உட்கார வேண்டுமென்றால் அவள் இல்லை, நீ உட்கார். ஐந்து வருஷமாக அவளை நான் பார்த்துக்கொண்டேன், இந்த ஒன்றை நீ பார்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு குறையும் வராமல், நீங்கள் மிதிக்கிற மண் உறுதியாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றி வேண்டிக்கொள்கிறேன். காதை மூடிக்கொண்டு வெளியே போ, உனக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது. ஒன்று மட்டும் மறக்காதே, அங்கே கயிற்றைப் பிடிக்கும்போது கையில் சுற்றிக்கொள்ளாதே, விரலால் மட்டும் பிடி.

இப்படிக்கு
உன் அம்மா
ரத்தினம்