பொத்திய கை நுழையும் அளவு

அக்கா,

இன்று காலையில் கொத்தனார் உங்கள் புகைக்குழாயைக் கழற்றிவிட்டார். அடுக்களையின் ஓட்டுக்கூரையைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் போட வேண்டும் என்று இவர், உங்கள் கொழுந்தனார், நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாரே, ஒருவழியாக இப்போதுதான் வேலை தொடங்கியிருக்கிறது. ஓடுகளை எல்லாம் இறக்கி அடுக்கிய பிறகு, அந்த சிமெண்டுக் குழாய் மட்டும் மூலையில் தனியாக நின்றது. அதையும் ஆட்டி ஆட்டிப் பிடுங்கி வேப்பமரத்தடியில் கிடத்தினார்கள். ஒரு பக்கம் நான் பிடித்தேன். கையெல்லாம் கரி. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவியும் வாசனை போகவில்லை. பருத்திமார் விறகு எரிந்த கரியின் வாசனை. கேஸ் வந்ததிலிருந்து அப்படி ஒரு வாசனை இருந்ததையே மறந்து போயிருந்தேன்.

வீடே தலைகீழாகக் கிடக்கிறது. கேஸ் அடுப்பை முன்னறை ஜன்னலோரம் வைத்து, சாமானைத் தேடித் தேடிச் சமைக்கிறேன். அத்தைக்கு இப்போதெல்லாம் நினைவு தங்குவதில்லை. விடிந்ததும் "பெரியவ வெந்நி வச்சிட்டாளா?" என்று உங்களைத்தான் கேட்கிறார். நீங்கள் போய்விட்டதை முதலில் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அன்றைக்குத்தான் நடந்ததுபோல அழுதார். பார்க்க முடியவில்லை. அதனால் "வச்சிட்டாக அத்தை, கொதிச்சுக்கிட்டு இருக்கு" என்று சொல்லிவிடுகிறேன். தினமும் விடிந்ததும் ஒரு பொய். அதைச் சொல்லவும் அலுப்பாக இருக்கிறது அக்கா. இந்த வீட்டில் என்னோடு உட்கார்ந்து அலுத்துக்கொள்ள ஆளில்லை.

சோழபுரத்தில் இந்த வீட்டுக்கு நான் இரண்டாவது மருமகளாக வந்தபோது, அடுக்களையில் உங்கள் முகத்தை முதலில் பார்க்கவே இல்லை. குரல்தான் வந்தது. "குனிஞ்சு வா ஏட்டி, மேல பொகை நிக்கும், கீழ வந்தா கண்ணு தெரியும்" என்றீர்கள். குனிந்து வந்த பிறகுதான் உங்கள் சிவந்த கண்களைப் பார்த்தேன். நம் வீட்டு ஆண்கள் இரண்டு பேருக்கும் ராஜபாளையத்தில் மில் வேலை. ஆளுக்கொரு ஷிப்டு. ஒருவர் கிளம்பும்போது ஒருவர் வருவார். அடுப்பு அணைகிற நேரமே கிடையாது. காய்ந்த பருத்திமார் பற்றினால் குபுகுபுவென்று எரிந்து அடங்கிவிடும். ஈரச் சீமைக்கருவேலோ எரியாமல் புகைந்துகொண்டே கிடக்கும். ஊதி ஊதி நமக்கு வாய் கோணாமல் இருந்ததே பெரிது.

எனக்குக் கண்ணோடு போயிற்று. உங்களுக்கு நெஞ்சில் இறங்கியது. புகை பட்டால் உள்ளே பூனை கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வரும். நடுவீட்டில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தரையில் ஊன்றிக்கொண்டு மூச்சை இழுப்பீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரிடம் உங்களைக் கூட்டிப் போனது நான்தான். மாத்திரை கொடுக்கிறேன், ஆனால் இந்தப் புகைக்குள் உட்கார்ந்தால் மாத்திரை தண்டம் என்று அவர் சொல்லிவிட்டார். திரும்பும்போது நீங்கள் அத்தைக்குப் பால்கோவா வாங்கினீர்கள். சொல்லப்போகிற சேதி கசப்பாயிற்றே, வாயாவது இனிக்கட்டும் என்றீர்கள்.

அத்தை பால்கோவாவைத் தின்றார். சேதியையும் கேட்டார். பிறகு, "அப்ப வத்ராப்புல ஆத்தா வீட்ல போயி கொஞ்ச நாளு இருக்கட்டும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. நம் தெருவில் பிள்ளை இல்லாத ஒருத்தியை அப்படித்தான் கொஞ்ச நாள் என்று பிறந்த வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் புருஷனுக்கு வேறு கல்யாணமே நடந்துவிட்டது. உங்களுக்கும் பிள்ளை இல்லை. நெஞ்சும் சரியில்லை. உங்களைக் கட்டிய பெரியத்தான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் நல்ல மனுஷர்தான், ஆனாலும் அந்தச் சாயங்காலத்தை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது.

பிளாக் ஆபீஸ் கிராம சேவிகா புகையில்லா அடுப்பைப் பற்றிச் சொல்ல வந்தது அதற்கு அடுத்த வாரம். மற்றவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். நீங்கள் மட்டும் எழவில்லை. கிணற்றில் விழுந்தவள் கயிற்றைப் பிடிக்கிற மாதிரி அந்த அம்மாவைப் பிடித்துக்கொண்டீர்கள். அத்தைக்கு அடுப்புகூடப் பெரிதில்லை. கூரையில் ஓட்டை போடுவதுதான் தாங்கவில்லை. வீட்டு லட்சுமி அது வழியாகப் போய்விடுவாள் என்றார். "லட்சுமி வாசல் வழியா வந்து போகட்டும் அத்தை. ஓட்டை வழியா பொகை போகட்டும்" என்று நீங்கள் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமியாரிடம் நீங்கள் எதிர்த்துப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

புற்றுமண்ணைச் சலித்து, வைக்கோலை நறுக்கிப் போட்டு, சாணியும் சேர்த்து நீங்களே மிதித்துக் குழைத்தீர்கள். பாத்திரம் வைக்க முன்னால் ஒரு கண், பின்னால் ஒரு கண். இரண்டுக்கும் நடுவில் நெருப்பும் புகையும் போக மண்ணுக்குள்ளேயே ஒரு பாதை. பின் கண்ணுக்கு அப்பால் குழாய். நடுப்பாதை எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்று கேட்டபோது, கையைப் பொத்தி விட்டால் தாராளமாகப் போக வேண்டும் என்று அந்த அம்மா சொன்னார். விறகைக் காயவைத்து ஒல்லியாகப் பிளந்து வையுங்கள், அடுப்பு வாயை அடைக்காதீர்கள், பின் கண்ணில் எப்போதும் ஒரு பாத்திரம் உட்கார்ந்திருக்கட்டும் என்றும் சொன்னார்.

மண் நன்றாகக் காய்ந்த பிறகு பற்றவைத்தோம். அடுப்பில் தீ எரிந்தது, கண்ணில் தண்ணீர் வரவில்லை. எனக்கு நம்பிக்கை வராமல் நிமிர்ந்து நின்று பார்த்தேன். நிமிர்ந்து நிற்க முடிந்தது. நீங்கள் வெளியே ஓடினீர்கள். கூரைக்கு மேலே குழாயிலிருந்து புகை திரளாக எழும்பிப் போய்க்கொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்தபடியே, "இங்க பாரு ஏட்டி, இம்புட்டையும் நான்தான் குடிச்சிருக்கேன்" என்றீர்கள்.

முன் கண்ணில் சோறு, அதே நெருப்பில் பின் கண்ணில் வெந்நீர். ஒரு கட்டு விறகு போன இடத்தில் பாதிதான் ஆயிற்று. அந்தக் கார்த்திகையில் மலையிலிருந்து ஊதக்காற்று இறங்கி வீடு ஜில்லிட்டுக் கிடந்தபோது, அடுக்களை மட்டும் கதகதவென்று இருந்தது. அத்தை பலகையைப் போட்டு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முழங்காலைக் காயவைத்துக்கொண்டே அடுப்பைக் குறை சொன்னார். உங்களை வத்ராப்புக்கு அனுப்புகிற பேச்சு நின்றுபோனது. உங்கள் நெஞ்சுச் சத்தமும் அடங்கியது.

ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் அடுப்பை மெழுகிக் கோலம் போடாமல் நம் வீட்டில் தீ மூட்டக்கூடாது. வெளியே மட்டும் மெழுகினால் அத்தைக்குப் பத்தாது, கை போகிற மட்டும் உள்ளேயும் மெழுக வேண்டும். உங்களுக்கோ அந்த அடுப்பின் மேல் உயிர். உங்களை இந்த வீட்டில் இருத்தி வைத்த அடுப்பு அல்லவா? ஆறிய பிறகு, சாணிக் கரைசலில் துணியை நனைத்துப் பின் கண் வழியாக முழங்கை வரை உள்ளே விட்டு, பார்த்துப் பார்த்து மெழுகுவீர்கள். சாமிக்குச் செய்கிற மாதிரி செய்வீர்கள். ஒரு வெள்ளிகூட விட்டதில்லை.

அடுத்த வருஷம் மழைக்கு முன்னால் புகை திரும்பி வந்தது. முதலில் கொஞ்சமாக வந்தது. பிறகு தீ உள்ளே போக மறுத்து வாய் வழியாக முன்னால் நீண்டது. விறகு ஈரம் என்றோம். காற்று மாறி அடிக்கிறது என்றோம். உங்கள் கொழுந்தனார் கூரையில் ஏறி, மூங்கிலில் துணியைச் சுற்றிக் குழாயைக் குத்திக் குத்திச் சுத்தம் செய்தார். குழாயில் அடைப்பே இல்லை. கிராம சேவிகாவும் மாற்றலாகிப் போய்விட்டார். மறுபடியும் நீங்கள் நடுவீட்டில் கையை ஊன்றி உட்கார்ந்தீர்கள். அத்தை மறுபடியும் கொஞ்ச நாள் என்றார். பெரியத்தான் பரணிலிருந்து உங்கள் தகரப் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தார்.

நீங்கள் அழவில்லை. "ஞாயித்துக்கெழம போறேன். போறதுக்கு முன்னால இந்த அடுப்ப நானே இடிச்சிட்டுத்தான் போவேன். நான் போன பொறவு இவ நெஞ்சும் கெட வேண்டாம்" என்று என்னைக் காட்டிச் சொன்னீர்கள். உங்கள் வாழ்க்கையே தெருவுக்கு வருகிற நேரத்தில் என் நெஞ்சைப் பற்றி யோசித்தீர்களே அக்கா. கூடப் பிறந்திருந்தால்கூட அப்படித் தோன்றியிருக்குமா, தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையை எடுத்து நீங்கள் முதலில் போட்டது இரண்டு கண்ணுக்கும் நடுவில். மேல்மண் பெயர்ந்து விழுந்தது. நீங்கள் கையை ஓங்கியபடியே நின்றுவிட்டீர்கள். நானும் குனிந்து பார்த்தேன். பொத்திய கை போய்க்கொண்டிருந்த பாதையில் இரண்டு விரல்தான் போகும். சுற்றிலும் கரி ஒரு வரி, சாணி ஒரு வரி, கரி ஒரு வரி, சாணி ஒரு வரி என்று பாயைச் சுருட்டி வைத்ததுபோல ஏறிப்போயிருந்தது. மெழுகிய சாணியின் மேல் புகைக்கரி படிய, அதன் மேல் மறுபடி மெழுக, புகைக்கு நாமே வாரம் தவறாமல் வழியை அடைத்திருக்கிறோம். வாரத்துக்கு ஒரு நூல் குறுகினால் மெழுகுகிற கைக்கு எங்கே தெரியும், எட்டிய மட்டும்தானே மெழுகினீர்கள்.

கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தீர்கள். "எம்புட்டு வெள்ளிக்கெழம ஏட்டி இது" என்றீர்கள். சிரிக்கத் தொடங்கி, சிரிப்பிலேயே இளைப்பு வந்து, அதற்குப் பிறகுதான் அழுதீர்கள். அத்தை வாசற்படியில் நின்று அந்த வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயும் மெழுகச் சொன்னது தாம்தான் என்று அவர் வாயால் சொல்லவில்லை. கொல்லைக்குப் போய் ஒரு குடம் தண்ணீர் எடுத்துவந்து, மண் குழைக்க உங்கள் பக்கத்தில் வைத்தார். பெரியத்தான் பெட்டியைத் தூக்கிப் பரணில் போட்ட சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் வெளியே மட்டும்தான் மெழுகல். உள்ளே, நீங்கள் கையைப் பொத்தி விட்டு, தட்டுகிற கரியைச் சுரண்டி எடுத்துவிட்டு வருவீர்கள். கரிப்பிடித்த கையோடு நடுவீட்டுக்கு வந்தால் அத்தை தவறாமல் கேட்பார், "கை நுழைஞ்சுச்சா?" நுழைந்தது என்று நீங்கள் சொன்ன பிறகுதான் விளக்கேற்றுவார். மன்னிப்பு என்று அத்தை வேறு எதையும் கேட்டதில்லை. நீங்களும் வேறு எதையும் எதிர்பார்க்கவில்லை.

முன்னால் குடித்த புகை போகாது என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். போகவுமில்லை. கேஸ் வந்த பிறகும் மழைக்காலம் தோறும் உங்களைப் படுக்கையில் தள்ளியது. போன மாசியில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் மூக்கில் டியூப் வைத்துப் படுத்திருந்தீர்கள். எனக்குத் தூக்கமில்லாமல் கண் சொருகிக்கொண்டு போனது. சீலையை இழுத்து என்னை எழுப்பி, "எனக்கும் கொழா மாட்டிட்டாக பாத்தியா ஏட்டி. வெள்ளிக்கெழம வந்து மெழுகிராத" என்றீர்கள். நாம் சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து அதட்டினாள். ஊருக்குப் போகணும் என்று பிடிவாதம் பிடித்து இங்கேயே வந்துவிட்டீர்கள். இந்த வீட்டிலிருந்துதான் போனீர்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. நான் ஓய்ந்து உட்காரும்போதெல்லாம் அதைத்தான் சொல்லித் தேற்றிக்கொள்கிறேன்.

இன்று சாயங்காலம் வேலையாட்கள் போன பிறகு வேப்பமரத்தடிக்குப் போனேன். அந்தக் குழாயை நாளைக்கு யாரோ எடுத்துப் போகிறார்களாம். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கையைப் பொத்தி உள்ளே விட்டேன். முழங்கை வரை போனது. இந்த வயதில் என்ன பைத்தியக்காரத்தனம் என்று என்னையே வைதுகொண்டு, கழுவ வேண்டும் என்று கரிக்கையோடு வீட்டுக்குள் வந்தேன். அத்தை கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தார்.

"பெரியவளே, கை நுழைஞ்சுச்சா?"

"நுழைஞ்சிருச்சு அத்தை" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, விளக்கை ஏற்றச் சொன்னார். இன்றைக்கு நான் அவரிடம் பொய் சொல்லவில்லை, அக்கா.