கரைக்குப் போகாத அம்மா

என் அன்பு நைனா,

உன்னை மூலக்கொத்தளம் சுடுகாட்டில் விட்டுவிட்டு வந்ததிலிருந்து வீட்டில் யாரும் உன் பெயரைச் சத்தமாகச் சொல்வதில்லை. சொன்னால் அம்மா எழுந்து உள்ளே போய்விடுகிறாள். அதனால் எழுதுகிறேன். உனக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்தால் வலை முடிந்துகொண்டே கேட்பாய். அப்படியே கேள்.

அம்மாவைப் பற்றித்தான் சேதி. மழைக்காலம் முழுக்க அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சோற்றைப் பிசைவாள், வாயில் வைக்கமாட்டாள். ராயபுரம் கரையில் மீன் ஏலம் கூவினால் எதிர்க்காற்றிலும் கேட்கும் என்று நீ பெருமைப்பட்ட குரல், குடிக்கத் தண்ணீர் கேட்கக்கூட எழும்பவில்லை.

புருஷன் போனவள், வருஷம் திரும்பும் வரை, கட்டுமரம் கரையேறும்போது எதிரே நிற்கக் கூடாது. நின்றால் வலை வெறுமனே வரும் என்பார்கள். உனக்குத் தெரியாததா? இதை நீ இருக்கும்போது நாம் ஒருநாளாவது பேசியிருக்கிறோமா?

காத்து கருப்பு என்று வேப்பிலை அடித்தார்கள். தர்காவில் ஓதிய தண்ணீர் தெளித்தார்கள். வேறு யாருக்கோ நடப்பதுபோல அவள் தலை குனிந்திருந்தாள்.

என்னோடு வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர்தான் மனசுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு டாக்டரம்மாவைப் பற்றிச் சொன்னார். புருஷனை இழந்தவர்கள், பிள்ளை பெற்றபின் சிரிப்பை மறந்தவர்கள், வாழ வந்த இடம் ஒட்டாதவர்கள் எல்லாம் புதன்கிழமைகளில் போய், மனதில் இருப்பதைப் பேசிவிட்டு வருகிறார்களாம்.

நாங்கள் கிளம்பியபோது எதிர்வீட்டு அஞ்சலை அக்கா, "இன்னா தனம், உங்கம்மாவ கீழ்ப்பாக்கத்துக்கா இட்டுகினு போறே?" என்றாள். பைத்தியம் இல்லை, பேசத்தான் என்றேன்.

"பேசறதுக்கு டாக்டரா? எங்கூட்டாண்ட இட்டுகினு வா, நா ஓசிலயே பேசறேன்."

அம்மாவின் உதட்டோரம் அசைந்தது. சிரிப்பா என்று தெரியவில்லை.

முதல் இரண்டு தடவையும் அம்மா வாய் திறக்கவில்லை. பாட்டில் மருந்து எழுதித் தராததால், டாக்டரே கைவிரித்துவிட்டார், இனி சாவுதான் என்று நினைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து தன் வெள்ளிக் கொலுசை என்னிடம் எடுத்துக் கொடுத்தாள். அடுத்த தடவை டாக்டரம்மாவிடம் அதைச் சொன்னேன். இந்த நோவுக்குப் பேச்சே மருந்து என்று அவர் அம்மாவுக்குப் பொறுமையாக விளக்கினார். பிறகு, முன்பெல்லாம் இந்நேரத்தில் என்ன செய்துகொண்டிருப்பீர்கள் என்று கேட்டார்.

அம்மா மெல்ல ஆரம்பித்தாள். எந்தக் கட்டுமரம் முதலில் வரும், எந்த வியாபாரி விலையை அடிப்பான், அவனை எப்படி மடக்குவாள். குரல் ஏறியது, நைனா. வெளியே பெஞ்சில் இருந்த பெண்கள் கதவைத் திரும்பிப் பார்த்தார்களாம். சட்டென்று நிறுத்தி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவரு பூட்டாருன்னு அழுவறேன்னு ஊரு நெனைக்குது. பாதி அழுவ, கரைக்குப் போவ முடியலன்னுதான். நா இன்னா பொம்பள, டாக்டரம்மா?"

டாக்டரம்மா, "உங்களுக்கு ரெண்டும் போயிருக்கு. ரெண்டுக்கும் அழலாம்" என்றார்.

அன்றைக்குத்தான் அம்மா உனக்காக வாய்விட்டு அழுதாள். அதுவரை, கரைக்காகவும் அழுவது உனக்குத் துரோகம் என்று நினைத்து அடக்கி வைத்திருந்திருக்கிறாள். உனக்கு இதில் வருத்தமா? இருக்காது என்றுதான் நினைக்கிறேன். அந்தக் குரலைக் கேட்டுத்தானே அவளைக் கட்டிக்கொண்டாய்?

அதன் பிறகும் போய்க்கொண்டுதான் இருக்கிறோம். நேற்று அவளே சித்தப்பாவிடம் போய், இன்று காலையில் அவர் மரம் வரும்போது தான் கரையில் இருக்கப்போவதாகச் சொன்னாள். வருஷம் இன்னும் திரும்பவில்லை. சித்தப்பா தலையைச் சொறிந்தார்.

"வல வெறும்ன வந்தா ஊரு உன்னத்தான் சொல்லும், அண்ணி."

"மீனு கடல்ல கீது. எம்மூஞ்சில இல்ல."

இதோ, அம்மா புறப்படப்போகிறாள். வலையில் என்ன வரும் என்று யாருக்குத் தெரியும்? வெறுமனே வந்தால் ஊர் அவளைச் சும்மா விடாது. அவள் மறுபடி படுத்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டேன். மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், யார் என்ன சொன்னாலும், அவள் கூவி முடிக்கிற வரை பக்கத்திலேயே நிற்பேன், நைனா. நகரமாட்டேன்.

அம்மாவோடு கரைக்குப் புறப்படும்
உன் மூத்த பெண்,
தனம்